பேட்டரிகளை இணைக்கும் முன் வோல்ட் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார சைக்கிள்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஓட்டுநர் உரிமமும் பதிவு எண்ணும் தேவைப்படாத, பெட்ரோல் கேட்காத ஒரு வண்டியைப் பற்றி எல்லோருக்கும் புரியும்படி எழுதியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதியில், ஒரு பேட்டரியின் தூரம் போதாதவர்கள் இன்னொரு பேட்டரியை வாங்கி, கடைகளில் கிடைக்கும் இரட்டை இணைப்புக் கேபிளால் இரண்டையும் பேரலலாக (நேர்முனையோடு நேர்முனையும் எதிர்முனையோடு எதிர்முனையும் சேரும் பக்க இணைப்பில்) சேர்த்துவிட்டால் தூரம் இரண்டு மடங்காகும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிச் சென்றுவிட்டார்கள். தூரம் கூடும் என்பது உண்மைதான். எந்த நிலையில் இருக்கும் பேட்டரிகளை எப்போது, எப்படி இணைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டதே என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

நான் பாலிடெக்னிக் கல்லூரியில் மின்னியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த சிலர் ஈரோட்டிலும் திருப்பூரிலும் சைக்கிள் கடையும் பேட்டரி பழுதுபார்க்கும் பட்டறையும் நடத்துகிறார்கள். அவர்களிடம் வரும் பேட்டரிகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. இரண்டு பேட்டரிகளைப் பக்க இணைப்பில் சேர்ப்பது தவறன்று. வெவ்வேறு வோல்ட்டில் நிற்கும் இரண்டு லித்தியம் பேட்டரிகளை, இடையில் எந்தத் தடுப்பும் இல்லாமல் ஒரு வெறும் கேபிளால் சேர்ப்பதுதான் தவறு. இந்த ஒரு வேறுபாடு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெரிந்திருந்தால், கருகிய கனெக்டர்களும் உப்பிய செல்களும் பட்டறைக்கு வருவது பெருமளவு குறைந்துவிடும்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையான நன்மை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 360 வாட்-மணி ஆற்றல் இருக்கும். நிதானமாக, கூடவே பெடலும் மிதித்து ஓட்டுபவருக்குக் கிலோமீட்டருக்குப் பத்து முதல் பதினைந்து வாட்-மணி செலவாகும் என்று கொண்டால், 25 முதல் 35 கிலோமீட்டர் வரை போகலாம். இதே போன்ற இன்னொன்றைப் பேரலலாகச் சேர்த்தால் வோல்ட் 36 ஆகவே இருக்கும்; ஆம்பியர்-மணி 20 ஆகிவிடும். தூரம் மட்டும் கூடுவதில்லை. மேம்பாலம் ஏறும்போது, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தரும் கன்ட்ரோலர் 15 ஆம்பியர் கேட்கிறது என்றால், ஒரே பேட்டரி அந்தப் பதினைந்தையும் தனியாகத் தர வேண்டியதில்லை. இரண்டும் ஏழரை ஏழரையாகப் பகிர்ந்துகொள்ளும். பேட்டரிக்குள் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொன்றிலும் உண்டாகும் சூடு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஏற்றத்தில் வோல்ட் சரிந்து வண்டி திணறுவதும் குறையும், செல்களின் ஆயுளும் நீளும். ஆகவே, நீண்ட தூரம் போகும் விநியோகப் பணியாளரோ, நகரத்துக்கு வந்து திரும்பும் கிராமத்து மாணவரோ இரண்டாவது பேட்டரியை நாடுவதில் நியாயம் இருக்கிறது.

இனி, சொல்லாமல் விடப்பட்டதைப் பார்ப்போம். 36 வோல்ட் பேட்டரி என்பது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோத்த பத்து வரிசை லித்தியம் அயனி செல்களால் ஆனது. முழுச் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிற்கும். மொத்தம் 42 வோல்ட். ஓட்டி ஓட்டி இறங்கிய நிலையில் ஒவ்வொரு செல்லும் 3.3 வோல்ட்டுக்கு வந்திருந்தால் மொத்தம் 33 வோல்ட். இப்போது ஒருவர், வீட்டில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய இரண்டாவது பேட்டரியைக் கொண்டுவந்து, பாதி வழியில் இறங்கிப்போன முதல் பேட்டரியோடு சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெவ்வேறு உயரத்தில் நீர் நிற்கும் இரண்டு தொட்டிகளை அடியில் ஒரு குழாயால் இணைத்ததுபோல், மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததற்கு மின்னோட்டம் பாயத் தொடங்கும். அது எவ்வளவு பாயும் என்பதை ஓம் விதியே சொல்லிவிடும். வோல்ட் வேறுபாடு 9. இவ்வகைப் பேட்டரி ஒன்றின் அக மின்தடை, பாதுகாப்புப் பலகையையும் வயரையும் சேர்த்து, 0.15 ஓம் அளவில் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து 0.3 ஓம். ஒன்பதை 0.3-ஆல் வகுத்தால் 30 ஆம்பியர். அந்தப் பேட்டரியுடன் வந்த சார்ஜர் தருவது 2 ஆம்பியர் மட்டுமே. அதாவது, தயாரித்தவர் நிர்ணயித்த வேகத்தைப்போல் பதினைந்து மடங்கு வேகத்தில், யாருடைய கண்காணிப்பும் இல்லாமல், ஒரு பேட்டரி இன்னொன்றைச் சார்ஜ் செய்கிறது.

இத்தனை ஆம்பியர் நீண்ட நேரம் நீடிப்பதில்லை. இரண்டின் வோல்ட்டும் நெருங்க நெருங்க ஓட்டம் குறைந்துவிடும். வண்டி அன்றைக்கு ஓடவும் செய்யும். பலர் இதைச் செய்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது இதனால்தான். ஆனால் செல்லுக்குள் நடந்தது அழிவதில்லை. அளவுக்கு மீறிய வேகத்தில் சார்ஜ் ஏறும்போது, லித்தியம் அயனிகள் கிராஃபைட் மின்வாய்க்குள் புகுந்து அமர நேரமின்றி, அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியத் தொடங்குகின்றன. அந்தப் படிவு செல்லின் கொள்ளளவைக் குறைக்கிறது. ஊசிபோல் வளர்ந்து இரு மின்வாய்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வைத் துளைத்தால் செல்லுக்குள்ளேயே குறுக்குச் சுற்றும் (ஷார்ட் சர்க்யூட்) உண்டாகலாம். அது நிகழும் நாள், கேபிளைச் சேர்த்த நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல வாரங்கள் கழித்து, எல்லோரும் உறங்கும் நேரத்தில் சார்ஜில் இருக்கும்போதும் நேரலாம். காரணமும் விளைவும் இப்படி விலகி நிற்பதால்தான் மக்கள் இந்தத் தவறைத் தவறென்று உணர்வதில்லை.

என் மாணவர் ஒருவரின் பட்டறைக்கு வந்த கேபிள் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். மஞ்சள் நிற எக்ஸ்.டி. 60 கனெக்டர், உள்ளே இருக்கும் தங்க நிறக் குழல் முனைகளில் ஒன்று கருத்து, அதன் விளிம்பில் அரிசி நொய் அளவுக்கு உலோகம் உருகித் திரண்டிருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகி, இணையை ஏற்காத அளவுக்குக் கோணியிருந்தது. சேர்க்கும்போதெல்லாம் பொறி பறக்கும் என்றும், அது இயல்பு என்று விற்ற கடையில் சொன்னதாகவும் அதைக் கொண்டுவந்த இளைஞர் கூறினார். பொறியில் இரண்டு வகை உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பேட்டரியைக் கன்ட்ரோலரோடு சேர்க்கும்போது வரும் பொறி, கன்ட்ரோலரில் உள்ள மின்தேக்கி நிரம்புவதால் வருவது; நொடியின் சிறு பகுதிக்குள் அது முடிந்துவிடும். பேட்டரியைப் பேட்டரியோடு சேர்க்கும்போது வரும் பொறியோ ஒரு பெரிய மின்னோட்டத்தின் தொடக்கம் மட்டுமே. பொறி அடங்கிய பின்னும் ஓட்டம் அடங்குவதில்லை. இரண்டு பேட்டரிகளைச் சேர்க்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் பொறி வந்தால், அவை அந்த நிலையில் சேர்க்கத் தகாதவை என்பதே பொருள்.

இந்தத் தவறு பெரும்பாலும் எங்கே நேர்கிறது என்று கவனித்திருக்கிறேன். புதிதாக வாங்கி முதன்முதலாகச் சேர்க்கும் நாளில் அல்ல. அன்றைக்கு எல்லோரும் கவனமாக இருப்பார்கள், இரண்டும் முழுச் சார்ஜில் இருக்கும். சில மாதங்கள் பழகிய பிறகு, ஒரு பேட்டரியை மட்டும் கழற்றி மாடிக்கு எடுத்துச் சென்று சார்ஜ் போட்டுவிட்டு, மற்றொன்றை வண்டியிலேயே விட்டுவிடுவார்கள். அல்லது பக்கத்துக் கடைக்கு ஒரு பேட்டரியோடு போய்வந்துவிட்டு, மறுநாள் காலை அவசரத்தில் இரண்டையும் சேர்ப்பார்கள். பேட்டரி எளிதில் கழற்றி மாட்டும்படி இருப்பது நல்ல வசதி. வெறும் கேபிளால் பேரலல் செய்தவருக்கோ அந்த வசதியே ஆபத்தாகிறது. பேரலலாகச் சேர்த்த பேட்டரிகள் சேர்ந்தே சார்ஜ் ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும். பிரித்தால், மறுபடி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் வோல்ட் பார்த்தாக வேண்டும்.

இதைவிடவும் கவலை தருவது பேட்டரியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டு. 48 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டு விற்கப்படும் பேட்டரிகள் எல்லாம் ஒன்றல்ல. நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகைச் செல்களைப் பதின்மூன்று வரிசையாகக் கோத்தது 48 வோல்ட் என்று விற்கப்படுகிறது. அதன் முழுச் சார்ஜ் 54.6 வோல்ட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களைப் பதினாறு வரிசையாகக் கோத்ததையும் பல கடைகளில் 48 வோல்ட் என்றே தருகிறார்கள். அதன் முழுச் சார்ஜ் 58.4 வோல்ட். பழைய வண்டிகளில் இருக்கும் நான்கு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகளும் 48 வோல்ட்தான். சீட்டை நம்பி, முழுச் சார்ஜில் இருக்கும் பதினாறு வரிசைப் பேட்டரியைப் பதின்மூன்று வரிசைப் பேட்டரியோடு சேர்த்தால், பின்னதின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் என்ற எல்லையைத் தாண்டி நாலரை வோல்ட் நோக்கித் தள்ளப்படும். மிகைச் சார்ஜ் என்பது லித்தியம் செல்லுக்கு நேரக்கூடிய மிக மோசமான நிலைகளில் ஒன்று. செல்லின் வேதியியல் வகையும் வரிசை எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாத பேட்டரிகளை, அவற்றை அளக்கும் நேரத்தில் மீட்டர் ஒரே வோல்ட்டைக் காட்டினாலும், பேரலலாகச் சேர்க்கவே கூடாது. இந்த நிமிடம் சமமாக இருப்பவை வண்டி ஓடத் தொடங்கியதும் வெவ்வேறு வேகத்தில் இறங்கும்.

பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகை இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விலை குறைந்த பல பேட்டரிகளில் சார்ஜ் ஏறும் வழி ஒன்று, மோட்டாருக்குப் போகும் வழி ஒன்று என இரண்டு தனி வழிகள் இருக்கும். மிகைச் சார்ஜைத் துண்டிக்கும் மின்னணு சுவிட்ச், சார்ஜ் ஏறும் வழியில் மட்டுமே அமைந்திருக்கும். பேரலல் கேபிளை நாம் இணைப்பதோ மோட்டாருக்குப் போகும் வழியில். அந்த வழியாக உள்ளே வரும் மின்னோட்டத்தைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. பேட்டரி முற்றிலும் இறங்கி, பி.எம்.எஸ். அதை அணைத்துவிட்ட நிலையிலும், மோட்டார் வழியிலுள்ள சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டின் உள்ளமைப்பிலேயே இருக்கும் டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) வழியாக மின்னோட்டம் உள்நோக்கிப் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே வெளியே போகும் வழியில் காவல் இருக்கிறது என்பதை வைத்து, அதே வழியாக உள்ளே வருவதற்கும் காவல் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேரலலாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேட்டரிகளில் ஒன்றின் சார்ஜ் துளையில் மட்டும் சார்ஜரைச் செருகி, இரண்டும் ஏறட்டும் என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன அமைப்பில், முதல் பேட்டரி முறையான வழியில் ஏறும். இரண்டாவது பேட்டரி காவலில்லாத வழியில் ஏறும். மொத்த வோல்ட் 42-ஐத் தாண்டாது என்பது சரியே. ஆனால் பழைய பேட்டரி ஒன்றில் ஒரு வரிசைச் செல்கள் மட்டும் தளர்ந்து 3.6 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால், மொத்தம் 42 ஆக வேண்டி மற்ற ஒன்பது வரிசைகளும் ஏறத்தாழ 4.27 வோல்ட் வரை ஏறிவிடும். அதைத் துண்டிக்க வேண்டிய பலகை அந்த வழியில் செயலற்று இருக்கும். ஒவ்வொரு பேட்டரியையும் அதனதன் சார்ஜ் துளையில், அதற்குரிய சார்ஜரால் ஏற்றுவதுதான் முறை.

பழையதோடு புதியதைச் சேர்ப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள், ஏனெனில் இரண்டாவது பேட்டரியை வாங்கும் எவரிடமும் ஏற்கெனவே பழைய பேட்டரி ஒன்று இருக்கும். ஒரே வகை, ஒரே வரிசை எண்ணிக்கை, சம வோல்ட் என்ற மூன்றும் பொருந்தினால் கொள்ளளவு வேறுபட்டிருப்பது தன்னளவில் ஆபத்தில்லை. 10 ஆம்பியர்-மணியோடு 14 ஆம்பியர்-மணியைச் சேர்க்கலாம், அவை தத்தம் வலிமைக்கேற்பப் பகிர்ந்துகொள்ளும். பழையதின் உள்வரிசைகள் சமநிலையில் இருக்கின்றனவா என்பதே பார்க்க வேண்டியது. அதைப் பட்டறையில் திறந்து வரிசை வரிசையாக அளந்தால்தான் தெரியும். பழையது பாதி வழியில் அணைந்துவிட்டால் 15 ஆம்பியர் சுமை முழுவதும் ஒரே நொடியில் மற்றொன்றின் மேல் விழும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு பேட்டரியும் கன்ட்ரோலரின் முழுத் தேவையையும் தனியாகத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பல மாதம் மூலையில் கிடந்து, அடியோடு இறங்கிப்போன பேட்டரியை, முழுச் சார்ஜில் உள்ள இன்னொன்றால் 'எழுப்பி விடும்' வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. மிக ஆழமாக இறங்கிய செல்லுக்குள் செப்புத் தகடு கரைந்து, மீண்டும் சார்ஜ் ஏறும்போது வேண்டாத இடத்தில் படிகிறது. அப்படிப்பட்ட செல் எழுந்து நிற்பதுபோல் தோன்றினாலும் நம்பத் தகுந்ததன்று. இந்த வழக்கத்தைத் தயவுசெய்து கைவிட வேண்டும் என்று பட்டறை நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரியான முறை கடினமானது அன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக முழுச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றியபின் அரை மணி நேரமாவது சும்மா வைத்து, பிறகு மீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் வைத்து இரண்டையும் அளக்க வேண்டும். 41.8, 41.7 என்று காட்டினால், 0.1 வோல்ட் வேறுபாட்டால் ஓடக்கூடியது 0.3 ஆம்பியர் அளவுதான், தாராளமாகச் சேர்க்கலாம். வேறுபாடு அரை வோல்ட் என்றால் ஓட்டம் சார்ஜரின் வேகத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. அதுவே எல்லை என்று கொள்ள வேண்டும். அதற்கு மேல் இருந்தால், தாழ்ந்திருப்பதை மீண்டும் சார்ஜில் போட்டுச் சமப்படுத்துவதைத் தவிர வேறு குறுக்கு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளக்கும்போதே சிவப்பும் கருப்பும் மாறியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கையால் செய்த கேபிள்களில் முனை மாறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சேர்த்தால் இரண்டு பேட்டரிகளின் வோல்ட்டும் ஒன்றாகக் கூடி நேரடிக் குறுக்குச் சுற்றாகிவிடும்.

அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியவர்களுக்கு வெறும் கேபிள் ஏற்றதே அன்று. அவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு பேட்டரியை மட்டுமே கன்ட்ரோலருடன் சேர்க்கும் மாற்றுச் சுவிட்ச். முதலாவது தீர்ந்ததும் வண்டியை நிறுத்தி இரண்டாவதுக்கு மாற்றிக்கொள்ளலாம். சுமையைப் பகிரும் நன்மை இதில் கிடைக்காது. ஆயினும் இரண்டு பேட்டரிகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஒன்றை விட்ட பிறகே மற்றொன்றைத் தொடும் வகைச் சுவிட்சாகவும், நேர்மின்னோட்டத்தில் அந்த ஆம்பியரைத் தாங்குவதாகவும் அது இருக்க வேண்டும். வீட்டு விளக்குக்கான சுவிட்சைப் பொருத்தக் கூடாது. மற்றது, ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு டயோடு வைத்து, மின்னோட்டம் வெளியே மட்டும் போகும்படி செய்யும் இரட்டை பேட்டரி மாட்யூல். உயர்ந்த வோல்ட்டில் இருப்பது முதலில் தரும், இரண்டும் சமமானதும் சேர்ந்து தரும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் பாயவே பாயாது. சாதாரண ஷாட்கி டயோடு அரை வோல்ட் அளவுக்கு விழுங்குவதால் 15 ஆம்பியரில் ஏழரை வாட் வெப்பம் உண்டாகும். அதற்குத் தக்க அலுமினியத் தகடு வேண்டும். டயோடுக்குப் பதிலாக மாஸ்ஃபெட் வைத்துச் செய்த மாட்யூல்களில் இந்த இழப்பு மிகவும் குறைவு. பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வண்டிகளுக்கு மட்டும் இந்த அமைப்பு பொருந்தாது.

ஃபியூஸ் இருந்தால் போதாதா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பேட்டரியின் வாயிலிலும் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் அது குறுக்குச் சுற்றுக்கான காவல். 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 12 ஆம்பியர் சமநிலை ஓட்டம் பாய்ந்தால் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது, பேட்டரிக்கோ அது சார்ஜரைப்போல் ஆறு மடங்கு. மேலும், கார் கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தகடு ஃபியூஸ்கள் 32 வோல்ட்டுக்கு உரியவை. 42 அல்லது 54 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் அவை உருகினாலும் வில் பொறி அணையாமல் தொடரக்கூடும். 58 வோல்ட் அல்லது 80 வோல்ட் என்று குறிக்கப்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஏன் தனிமனிதர் தலையில் சுமத்த வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. அங்கேதான் நம் விதிகளில் உள்ள இடைவெளி தெரிகிறது. 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த நிகழ்வுகளுக்குப் பிறகு, மத்திய அரசு, மின்சார வாகனங்களின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற தரநிலையைத் திருத்தி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பேரலலாகச் சேர்க்கப்படும் செல் வரிசைகளுக்கிடையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னோட்டம் சுற்றிப் பாயாதபடி தடுக்கும் மின்சுற்று இருக்க வேண்டும் என்பது அந்தத் திருத்தத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. இக்கடிதம் முழுவதும் நான் எதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேனோ, அதை அரசின் வல்லுநர்கள் அன்றே உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தரநிலை மோட்டார் வாகனங்களுக்கு உரியது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட, உரிய சோதனை அமைப்பு சான்றளித்த மின்சார சைக்கிள் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனமே அன்று. உரிமமும் பதிவும் வேண்டாம் என்ற சலுகை ஏழைகளுக்கு நன்மையானது, அது நீடிக்க வேண்டும். ஆனால் அந்தச் சலுகையின் நிழலில் பேட்டரிப் பாதுகாப்பும் விடுபட்டுப் போவது நியாயமில்லை. ஸ்கூட்டரில் இருப்பதும் சைக்கிளில் இருப்பதும் ஒரே வகை லித்தியம் செல். அது இருக்கும் வீடும் ஒரே வகை வீடு.

நியூயார்க் நகரம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அங்கே 2023-ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் அயனி பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் நேர்ந்து 18 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலும் உணவு விநியோகம் செய்பவர்களின் சைக்கிள்களும் அதுபோன்ற சிறு வண்டிகளும்தான் பேசப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த நகரச் சட்டம், மின்சார சைக்கிளையும் அதன் பேட்டரியையும் சோதனைச் சான்று இல்லாமல் விற்பதைத் தடை செய்தது. பழைய பேட்டரிகளிலிருந்து எடுத்த செல்களைக் கோத்துச் செய்த பேட்டரிகளின் விற்பனையையும் முன்னரே அந்நகரம் தடுத்துவிட்டது. நம் ஊர்களிலும் பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த 18650 எனப்படும் உருளை வடிவச் செல்களால் 'இரண்டாவது பேட்டரி' கட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். வெவ்வேறு வயதுடைய செல்களை ஒரே பெட்டிக்குள் பேரலலாகக் கோப்பது, இதுவரை நான் சொன்ன ஆபத்துகள் அனைத்தையும் மூடிய பெட்டிக்குள் வைத்துத் தருவதற்குச் சமம்.

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் சிக்கி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்ததை நம் மாநிலம் மறந்திருக்காது. பேரலல் இணைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. புகை என்ன செய்யும் என்பதற்காகவே அதைக் குறிப்பிடுகிறேன். லித்தியம் செல் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் வெளிவருகின்றன. சிறிய வீட்டில் தீயைவிட முன்னதாகவே அவை மனிதரைச் சாய்த்துவிடும். வெளியேறும் ஒரே வாசலிலும், மாடிப்படியின் அடியிலும், உறங்கும் அறையிலும் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். இரண்டு பேட்டரிகள் இருந்தால் இது இரண்டு மடங்கு பொருந்தும். சேர்த்த பிறகு ஒரு பேட்டரி மட்டும் கைக்குச் சூடாகத் தெரிந்தாலோ, உறை உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ, வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால் மட்டும் இணைப்பைக் கழற்றிவிட்டு விலகிவிட வேண்டும். புகை வரத் தொடங்கிவிட்டால் பேட்டரியைத் தொடாமல் தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழைப்பதுதான் செய்யத் தக்கது.

என் வேண்டுகோள்கள் மூன்று. மின்சார சைக்கிளுக்கும் அதற்கெனத் தனியாக விற்கப்படும் பேட்டரிக்கும், ஸ்கூட்டருக்கு இருப்பதுபோல் பேரலல் தடுப்புச் சுற்றைக் கட்டாயமாக்க மாநிலப் போக்குவரத்துத் துறை மத்திய அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதற்குக் காலமாகும் என்றால், பேட்டரியின் சீட்டில் செல்லின் வகை, வரிசை எண்ணிக்கை, முழுச் சார்ஜ் வோல்ட் ஆகிய மூன்றையும் தமிழிலும் அச்சிட வேண்டும் என்ற விதியையாவது உடனே கொண்டுவர வேண்டும். அதற்கு எந்தப் புதுத் தொழில்நுட்பமும் தேவையில்லை. கடைக்காரர்கள் தடுப்பு ஏதுமில்லாத இரட்டைக் கேபிளை விற்கும்போது, வாங்குபவரின் இரண்டு பேட்டரிகளையும் அளந்து காட்டிவிட்டே கொடுக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து எங்கள் ஊர்ப் பட்டறை வரை மீட்டர் இல்லாத கடை எதுவும் இல்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு இந்நேரம் இரண்டாவது பேட்டரிக்கு முன்பணம் கொடுத்திருக்கக்கூடிய வாசகர்கள் இருப்பார்கள் என்பதால், வோல்ட் அளந்து சேர்க்கும் முறையை மட்டுமாவது அதே வாகனப் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுமாறு ஆசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின்னியல் விரிவுரையாளர்,
ஈரோடு.